சந்தனமாரி என்கிற ஸ்தெல்லா

கிரேன் சரக்கைத் தூக்கும்போது சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். தலைக்கு மேலே அத்தனை கனம் ஊசலாடும்போது வேறு எங்கே பார்ப்பது? ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்தில், காற்றாலைச் சாமான்கள் கப்பலேறுகிற தளத்தில், கொஞ்ச நாளாக ஒரு பெண் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கழுத்தில் அலுவலக அட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் ஒரு விசில். கோயில் திருவிழாக் கடையில் பிள்ளைகள் அழுது வாங்குவார்களே, அந்த விசில்தான். கிரேனின் பின்பக்கத்து இரும்புக்கால் ஊன்றியிருக்கும் பலகையை விட்டு அவள் கண் அசையாது.

தளத்து ஆட்கள் அவளுக்குப் 'பாதம் பாக்கிற மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் வைப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் அங்கே வந்து நிற்கும்படி ஆனதே அவர்கள் முன்பு வைத்த இரண்டு பெயர்களால்தான்.

அவள் பெயர் ஜெஸ்மி. சொந்த ஊர் நாசரேத். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா இறந்தபோது தம்பி கிருபாநிதிக்குச் சட்டைப் பித்தான்கூடப் போடத் தெரியாது. அவனைக் குளிப்பாட்டி, ஜெபம் சொல்லிக்கொடுத்து, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவள் ஜெஸ்மி. பிற்பாடு அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஜெஸ்மி கம்ப்யூட்டர் படித்து, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் கம்பெனியில் சேர்ந்தாள். தம்பிக்குப் புத்தகம் என்றால் வேப்பங்காய். எப்படியோ டிப்ளமோவைத் தேற்றினான். கிரேன் ஓட்டும் பயிற்சிக்கு அவனை அனுப்பி, அதே கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்தவளும் அவளே. மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருவரும் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு எடுக்கிற சொந்தக்காரர்களிடம், 'முதலில் அவன் நிலைக்கட்டும்' என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. இந்த உலகத்தில் அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அவள் வேலை வெளியிலிருந்து பார்த்தால் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும். ஆனால் இன்றைக்குத் துறைமுகத்தில் கம்ப்யூட்டர் இல்லாத இடம் எது? எடைமேடையில் இருக்கிறது, வாயில் கதவில் இருக்கிறது, கிரேனின் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மென்பொருளை மூட்டை கட்டி ஏற்றியிருப்பார்கள். அந்த மூட்டைக்கு அவர்கள் பேச்சில் பேக்கேஜ் என்று பெயர். எந்த எந்திரத்தில் எந்தப் பேக்கேஜ் இருக்கிறது, பழையதா புதியதா, அது ஓடுவதற்குக் கூடவே வேறு எந்தப் பேக்கேஜ் வேண்டும் என்கிற விவரம் முழுவதையும் பார்த்துக்கொள்வது ஜெஸ்மியின் பொறுப்பு.

இந்த விவரங்கள் டைரக்டரி என்ற ஒன்றில் இருந்தன. அது ஒரு மரம் மாதிரி. கம்பெனி அடிமரம், தூத்துக்குடி ஒரு கிளை, அதில் ஒவ்வொரு கப்பல் தளமும் ஒரு கொம்பு, கொம்புக்குக் கொம்பு அங்கே நிற்கும் எந்திரங்களின் பெயர்கள். இன்ன கொம்பில் இன்ன பெயர் என்று கேட்டால் கண் இமைப்பதற்குள் பதில் வரும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருத்தி எழுத மட்டும் சென்னைத் தலைமை அலுவலகத்தால்தான் முடியும். இங்கிருந்து கேட்டுக்கொண்டால் அங்கே பதிவார்கள். பதிந்தது நகலாகி, ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு வந்து சேரும்.

அந்த நகல்களுக்கு ஒரு பெருமை உண்டு. இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் ஊரையே வெள்ளம் மூழ்கடித்தபோது கேபிள் அறுந்து துறைமுகம் தனித்துப் போனது. அப்போதும் தளத்துப் பெட்டிகள் யாரையும் எதிர்பார்க்காமல், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து மேனேஜர் தங்கப்பாண்டிக்கு டைரக்டரி என்றால் குலசாமி.

இந்த வருடம் மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. பேக்கேஜ் விவரங்கள் டைரக்டரியிலேயே இருக்கட்டுமா, அல்லது டேட்டாபேஸுக்கு மாற்றிவிடலாமா? இரண்டையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை வேண்டும். அது ஜெஸ்மியின் தலையில் விழுந்தது.

"நல்லா ஒப்பிட்டுப் பாரும்மா. யாரு வேண்டாங்கா?" என்றார் தங்கப்பாண்டி. "ஆனா கடைசில டைரக்டரிதான் நல்லதுன்னு வரணும். என்ன?"

மேனேஜர்கள் ஒப்பிடச் சொல்லும் அழகே அழகு. ஜெஸ்மி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். உள்ளபடியே அவளுக்கும் டைரக்டரி மேல் மரியாதை இருந்தது. வெள்ளத்து நாட்களை அவளும் பார்த்தவள்தானே.

இனி அந்தப் பெயர்களின் கதை.

இந்தக் கடற்கரையில் பெயரில்லாத படகில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். படகில் தொடங்கிய அந்தப் பழக்கம் துறைமுகத்துக் கிரேன்களுக்கும் ஒட்டிக்கொண்டது. டயரில் உருண்டு தளம் விட்டுத் தளம் போகிற பெரிய கிரேன் ஒன்று புதிதாக வந்து இறங்கியபோது, முதலில் அதை வாங்கிக்கொண்டது புதுக்கோட்டை வீரபாகு அண்ணாச்சியின் குழு. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நெற்றி மாதிரித் தெரிந்த இடத்தில் சந்தனம் அப்பி, சந்தனமாரி என்று பெயர் சூட்டினார்கள். மஞ்சள் பெயிண்டில் எழுதினார்கள். டைரக்டரியிலும் அந்தத் தளத்துக் கொம்பில் சந்தனமாரி என்று பதிவாயிற்று.

சில மாதங்களில் கிரேன் காற்றாலைத் தளத்துக்கு நகர்ந்தது. அங்கே ஃபோர்மன் புன்னைக்காயல் ரோச். அவர் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மாதாவைக் கடலின் விண்மீன் என்று சொல்கிற பெயரில், ஸ்தெல்லா என்று வைத்தார். கிரேனின் மறுபக்கத்தில் நீலப் பெயிண்டில் எழுதினார்கள். இரண்டு குழுவுக்கும் இதில் ஒரு சண்டையும் இல்லை. ஒருவர் பெயரை ஒருவர் அழிக்கவும் இல்லை. அம்மனும் மாதாவும் ஆளுக்கொரு பக்கமாக அந்த இரும்பைக் காத்து வந்தார்கள்.

ஆனால் டைரக்டரிக்கு அம்மனும் தெரியாது, மாதாவும் தெரியாது. அதற்கு ஒரு பொருள் என்றால் கொம்பும் பெயரும்தான். கொம்பு வேறு, பெயர் வேறு என்றால் பொருளும் வேறு. காற்றாலைத் தளத்துக் கொம்பில் ஸ்தெல்லா என்று ஒரு புதிய பதிவு ஏறியது. சந்தனமாரியை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று டைரக்டரி கேட்கவும் இல்லை. நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஜெஸ்மிக்கு அவை இரண்டு கிரேன்கள். கம்பெனியில் ஏழு கிரேன்கள் நின்றன. டைரக்டரியில் எட்டு நின்றன.

ஷிப்ட் தொடங்கும்போது ஃபோர்மன், கிரேனுக்குள் இருக்கும் திரையில் அதன் பெயரைத் தொட வேண்டும். தளத்துப் பெட்டி அப்போதும், பிறகு ஒவ்வொரு சரக்கைத் தூக்கும் முன்பும், தன் நகலைப் பார்க்கும். பேக்கேஜ்கள் சரியாக இருந்தால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் கிரேன் அசையாது.

ஒருநாள் சாப்பிடும்போது கிருபாநிதி சொன்னான்: "மாரி இப்பல்லாம் ரொம்பக் கோவக்காரியா ஆயிட்டாக்கா. எப்ப கேட்டாலும் சிவப்புதான். நாங்க ஸ்தெல்லாட்ட போயிருவோம். அவ இளகின மனசுக்காரி, உடனே தந்துருவா."

ஜெஸ்மி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கிரேன் பழுதென்றால் இன்னொன்றில் வேலை செய்கிறார்கள், அதில் என்ன அதிசயம்? அவள் அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

மாரி சிவப்பானதற்குக் காரணம் இருந்தது. கையை மடக்கித் தூக்கினால் கனத்தைத் தூக்கலாம், நீட்டித் தூக்கினால் குறைவாகத்தான் தூக்க முடியும். நமக்கும் கிரேனுக்கும் ஒரே விதி. எல்லை தாண்டினால் கிரேனைத் தடுத்து நிறுத்துவதற்கென்று ஒரு பேக்கேஜ் இருந்தது. அதன் பழைய பதிப்பு, கை வெகுதூரம் நீண்டிருக்கும்போது கனத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று கிரேனைச் செய்தவர்களே எச்சரிக்கை அனுப்பியிருந்தார்கள். புதிய பதிப்பைப் போட்டார்கள். அது ஸ்தெல்லாவின் பெயரில் பதிவானது. ஸ்தெல்லா பச்சை.

புதிய பதிப்பு ஓட வேண்டுமானால் காற்றை அளக்கும் கருவியின் பேக்கேஜும் உயிரோடு இருக்க வேண்டும். மழைக்காலத்து உப்புக்காற்றில் அந்தக் கருவி செத்துப்போனது. வெளிநாட்டிலிருந்து புதிய கருவி வரும்வரைக்கும் என்று மின்பிரிவு ஆட்கள் பழைய பதிப்பையே திரும்பப் போட்டார்கள். அந்தத் தளத்தில் இரண்டு குழுவும் மாறி மாறி ஷிப்ட் பார்த்தன; அன்றைக்கு வீரபாகுவின் குழுவின் முறை. ஆகவே அது மாரியின் பெயரில் பதிவானது. மாரி சிவப்பு. ஸ்தெல்லாவை யாரும் தொடவில்லை. அவள் பச்சையாகவே இருந்தாள்.

அறிக்கைக்காக ஜெஸ்மி ஒரு வெள்ளோட்டம் பார்த்தாள். டைரக்டரியில் இருந்ததை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் வரிவரியாக ஏற்றினாள். டேட்டாபேஸில் விதிகளை நாமே வைக்கலாம். எந்திரத்தின் உடம்பில் அடித்திருக்கும் தகட்டு எண்தான் அடையாளம், ஓர் எண்ணுக்கு ஒரு வரிதான் என்று அவள் விதி வைத்தாள். ரேஷன் கார்டு மாதிரி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து ஏற்றத் தொடங்கினாள். எல்லாம் ஏறியது. ஒரு வரி மட்டும் ஏற மாட்டேன் என்றது. இந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது.

யாரோ எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். திருத்துவதற்காக இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சந்தனமாரி. ஸ்தெல்லா. தகட்டு எண் ஒன்று. செய்த வருடம் ஒன்று. எஞ்சின் எண்ணும் ஒன்று. எஞ்சின் எண்ணையுமா தப்பாக அடிப்பார்கள்?

வீரபாகு அண்ணாச்சிக்கு அன்று ஷிப்ட் இல்லை. வீட்டில் இருந்தார். அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, நம்ம சந்தனமாரி இப்ப எங்கன நிக்கி?"

"காத்தாடித் தளத்துலதான். ரோச் ஆளுவ வேல பாக்காவ."

"அப்ப ஸ்தெல்லா எங்கன நிக்கி?"

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. "ஏம்மா, கம்பெனில இத்தன வருசமா இருக்க, இது தெரியாதா ஒனக்கு? ரெண்டும் ஒண்ணுதாம்லா. இந்தப் பக்கம் நாங்க எழுதுனது, அந்தப் பக்கம் அவங்க எழுதுனது."

ஜெஸ்மி திரையைப் பார்த்தாள். "மாரி சிவப்பா இருக்காளே அண்ணாச்சி. எப்படி வேல நடக்கு?"

"அதான் ஸ்தெல்லா பச்சையா இருக்காளே," என்றார் வீரபாகு. "மாரி தரலன்னா ஸ்தெல்லாவத் தொடுவோம். எல்லாரும் செய்யிறதுதான?"

கிருபாநிதி சிரித்துக்கொண்டு சொன்னது இதைத்தான். அவள் மீன் துண்டை வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தக் கிரேனுக்குள் இருப்பது பழைய பேக்கேஜ். கை நீளும்போது பொய் சொல்கிற பேக்கேஜ். இன்றைக்குப் பகல் ஷிப்ட் ரோச் குழுவுடையது. உச்சியில், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பது கிருபா.

சென்னையில் டைரக்டரியைப் பார்த்துக்கொள்கிற இந்துமதியைக் கூப்பிட்டாள். இரண்டும் ஒரே கிரேன், உடனே ஸ்தெல்லாவைச் சிவப்பாக்கு என்று படபடவென்று சொன்னாள். இந்துமதி நல்ல பெண். மேலே யாரையும் கேட்கவில்லை. "பதறாதீங்கக்கா, இப்பவே மாத்துறேன்," என்று ஸ்தெல்லாவின் பதிவைத் திருத்தினாள். ஜெஸ்மியின் திரையில் ஸ்தெல்லா சிவப்பானாள். எல்லை தாண்டுவதற்கு முன் அவள் தம்பி நின்றுவிட்டிருப்பான். ஜெஸ்மி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தாள். யாரோ கொண்டுவந்து வைத்த தேநீரைக் கையில் எடுத்தாள்.

தேநீர் உதட்டுக்கு வரவில்லை. காலையில் வந்த ஓர் அறிவிப்பு நினைவுக்கு வந்தது. துறைமுகச் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் சரி செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

சென்னையில் சிவப்பு. இங்கே அவள் திரையில் சிவப்பு. தளத்துப் பெட்டிக்கு அது போய்ச் சேரவே இல்லை. அறுந்து கிடக்கிறோம் என்று அந்தப் பெட்டி யாரிடமும் சொல்லாது. தெரியவில்லை என்றும் சொல்லாது. காலையில் கேபிள் அறுவதற்கு முன் எது உண்மையோ அதையே, வெள்ளத்தில் சொன்ன அதே தைரியத்தோடு சொல்லிக்கொண்டிருக்கும். அதற்காகத்தானே அதைக் கொண்டாடினார்கள்.

கிருபாவின் போன் லாக்கரில் இருக்கும். கூண்டுக்குள் போன் கூடாது. தளத்துக் கொட்டகை போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வேலை நடக்கும்போது அங்கே யார் இருப்பார்கள்? ஜெஸ்மி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

துறைமுகச் சாலையில் கடல்காற்று எதிரே வந்து வண்டியைத் தள்ளியது. இருபக்கமும் லாரிகள் வரிசை கட்டி நின்றன. உப்பு மூடைகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை வரப்போகிறது. இத்தனை காற்றில் தூக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டிய கருவியும் செத்துக் கிடக்கிறதே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயிற்காவலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். தன் வாழ்க்கையில் எந்த வாயிற்காவலரையும் அவள் அதுவரை கும்பிட்டதில்லை.

தளத்தின் பின்பக்கமாகத்தான் வழி. வண்டியைப் போட்டுவிட்டு ஓடும்போதே முன்னால் தெரிந்தது. காற்றாலைக் கோபுரத்தின் வெள்ளைத் துண்டு ஒன்று, கட்டடம் அளவுக்கு, கப்பலின் அந்தப் பக்கத்தை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கிரேனின் கை நீண்டுகொண்டே போனது. எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். ஓடி வந்த வேகத்தில் ஜெஸ்மி தடுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். அதனால் அவள் கண் தரையில் இருந்தது.

கிரேன் சாயாமல் இருக்க நாலு பக்கமும் கால்களை நீட்டி, கனத்த பலகைகள் மேல் ஊன்றி வைப்பார்கள். பின்பக்கத்துக் காலின் இரும்புப் பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. ஒரு கை நுழைகிற அளவு இடைவெளி. அதன் வழியே அந்தப்பக்கம் கிடந்த கயிற்றுச் சுருளைப் பார்க்க முடிந்தது.

அவள் கத்தினாள். எஞ்சின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் ஓடினாள். சிவப்புத் துப்பட்டாவை உருவி இரண்டு கையாலும் வீசினாள். ரோச் திரும்பிப் பார்த்து, "ஏ மேடம், ஒதுங்குங்க! சாவதுக்கா வந்தீங்க?" என்று பாய்ந்து வந்தார். உச்சிக் கூண்டில் கிருபா பார்த்துவிட்டான். கை நின்றது. கோபுரத் துண்டு காற்றில் ஒரு சுற்று அசைந்து தொங்கியது. அவள் கையை மடக்கி மடக்கிக் காட்டினாள். கிருபா எதற்கு என்று கேட்காமல் கிரேனின் கையை உள்ளே இழுத்தான். சின்ன வயதிலிருந்தே அக்காவின் முகத்தைப் பார்த்துப் பழகியவன்.

சரக்கு கரையில் இறங்கியது. பின்பக்கம் இரும்புப் பாதம் பலகை மேல் டொக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தை அவள் மட்டும்தான் கேட்டாள்.

கிருபா ஏணி வழியாக இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது. "என்னக்கா இது? அத்தன பேரு முன்னால என் மானத்த வாங்கவா வந்தே?"

"லே, பின்னால காலு எழும்பிட்டு. நான் பாத்தேன் லே."

"காத்துக்கு ஆடியிருக்கும்."

ரோச் போய்ப் பலகையைக் காலால் உதைத்துப் பார்த்தார். "நல்லாத்தான உக்காந்திருக்கு."

ஜெஸ்மி கிரேனுக்குள் இருந்த திரையைக் காட்டினாள். கிரேன் எழுதி வைத்திருந்த எடையும் கோபுரத் துண்டின் மேல் அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்த எடையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்கூட வரவில்லை. திரை வெகுவாகக் குறைத்துச் சொன்னது.

"எழுதுறவன் எப்பவும் கூட்டித்தான் எழுதுவான் மேடம்," என்றார் ரோச். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, "மாரியும் ஸ்தெல்லாவும் ஒண்ணுன்னு எங்களுக்குத் தெரியாதா? கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல. அதுக்குத் தெரியாத வரைக்கும் வேல ஓடும். தெரிஞ்சா கப்பல் நிக்கும். கப்பல் நின்னா நம்மள எவன் கூப்பிடுவான்?"

"பழைய பேக்கேஜ் பொய் சொல்லுதுண்ணே."

"அத வச்சித்தான இத்தன வருசமா தூக்குனோம்? ஒருத்தன் மேல ஒரு தூசி விழுந்திருக்கா?"

விழவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் தங்கப்பாண்டியின் அறையில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் நெற்றியைத் தேய்த்தார்.

"மேலிடத்துக்கு கிரேன் எட்டுன்னு போயிருக்கும்மா. இன்ஷூரன்ஸுக்கும் எட்டு. இப்ப ஏழுன்னு சொன்னா, மீதி ஒண்ண எங்கன வித்தேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லுவேன்?"

"ஸ்தெல்லாவச் சிவப்பாவாவது விட்டுவைங்க சார்."

"அனுமதி இல்லாம நீங்க ரெண்டு பேரும் மாத்திட்டீங்க. நேத்து ராத்திரியே மேல இருந்து பச்சைக்கே திருப்பிட்டாங்க. இந்துமதிக்கு மெமோ குடுத்திருக்காங்க. பாவம் அந்தப் பிள்ள." அவர் குரலைத் தாழ்த்தினார். "மாரி சிவப்பு. மாரிய யாரும் தொடக்கூடாதுன்னு சுற்றறிக்கை விட்டுருதேன். போதுமா?"

மாரியைத் தொடாமல் ஸ்தெல்லாவை மட்டும் எப்படி ஓட்டுவது என்று ஜெஸ்மி கேட்கவில்லை.

"ஒன் அறிக்கைல டேட்டாபேஸ்தான் நல்லதுன்னு எழுதிக்கோ," என்றார் அவர், ஏதோ பெரிய வரம் கொடுக்கிற மாதிரி. "நான் கையெழுத்துப் போடுதேன். அடுத்த வருசம் மாத்திருவோம்."

அவள் எழுதினாள். நேர்மையாகவே எழுதினாள். வேகமாகப் படிக்க, தொடர்பு அறுந்தாலும் பதில் சொல்ல, ஆட்களின் பெயரையும் கடவுச்சொல்லையும் வைத்திருக்க, டைரக்டரியை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் எந்தப் பேக்கேஜ் எதை நம்பி நிற்கிறது, ஒன்றை மாற்றினால் கூடவே எதை மாற்ற வேண்டும், ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருக்கிறதா என்று கேட்பதற்கு டேட்டாபேஸ் வேண்டும். அதற்கு மறுக்கத் தெரியும். தலைமை அலுவலகம் மறுநாளே அறிக்கையைப் பாராட்டி ஒரு வரி அனுப்பியது. அடுத்த நிதியாண்டில் மாற்றம் என்று குறித்துக்கொண்டது. ஒப்பீட்டில் அவள் ஜெயித்துவிட்டாள். அந்தப் பாராட்டைப் பார்த்தபோது வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது.

தளத்துப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டால் என்ன என்றும் யோசித்தாள். பயனில்லை. பெட்டி செத்தால் கிரேன் தான் கடைசியாகக் கேட்ட பதிலையே வைத்துக்கொள்ளும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள், வேலை நிற்கக்கூடாது என்று.

வீட்டில் கிருபா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. தளத்தில் அவனைக் கேலி செய்தார்களாம், அக்கா கையைப் பிடித்துக்கொண்டு கிரேன் ஓட்டுகிறவன் என்று. மூன்றாம் நாள் காலையில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வெளியே மேகம் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டுத் தகரம் காற்றில் அடித்துக்கொண்டது.

"போகாத லே," என்றாள். "புதுக் கருவி வாரவரைக்கும் லீவு போடு."

"அது எப்ப வாரது? கப்பல்ல வருது, கஸ்டம்ஸ்ல நிக்கிங்காவ. நான் போகலன்னா இன்னொருத்தன் ஏறுவான்க்கா. அவனுக்கு ஒன்ன மாதிரி அக்கா இல்லையே, துப்பட்டா வீச." அவன் சிரிக்கப் பார்த்தான்.

"கிருபா, இன்னைக்கு எந்தப் பேர்ல ஓட்டப் போற?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "எது பச்சையோ அதுலதாங்க்கா."

அவன் பைக் தெருமுனை திரும்பும் சத்தம் ஓய்ந்த பிறகு, ஜெஸ்மி அலமாரியைத் துழாவி அந்த விசிலை எடுத்தாள். கிருபா சின்னப் பையனாக இருந்தபோது அழுது வாங்கியது. அன்றைக்கே தங்கப்பாண்டியிடம் போய், அறிக்கைக்குப் பின் தளத்தில் நேரில் பார்த்து எழுத வேண்டியது கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

அன்று முதல் அவள் தம்பியின் ஷிப்ட் எதுவோ அந்த ஷிப்டில் அந்தப் பலகைக்கு அருகில் நிற்கிறாள். விசில் கேட்டால் நிறுத்துவேன் என்று கிருபா சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான், அதுவும் அவள் அழுததற்காக. புதிய கருவி இன்னும் கஸ்டம்ஸில்தான் இருக்கிறது. நேற்று இரும்புப் பாதம் பலகையை விட்டு எழும்பி, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு நின்று, திரும்ப உட்கார்ந்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது?

இன்றைக்குக் காற்று நேற்றைவிட அதிகம். கிழக்கே கடலும் வானமும் ஒரே நிறமாகிவிட்டன. கூண்டுக்குள் பச்சை விளக்கு எரிகிறது. ரோச் அண்ணாந்து பார்த்து, தூக்கு என்று கையை உயர்த்தினார். ஜெஸ்மி விசிலைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.